நடுவர்களை அனுப்பிவைப்பவருக்கு யார் பணம் தருகிறார்கள்? அமெரிக்க அமெச்சூர் பேஸ்பால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் புறநகர் ஒன்றில் பிள்ளைகளுக்கான பேஸ்பால் லீகில் சில பருவங்கள் பொருளாளராக இருந்தேன். ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தைப் பெற்றோர் முன் வைக்கும்போது, மட்டை, பந்து, மைதான வாடகை ஆகியவற்றை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ‘அசைனர் கட்டணம்’ என்ற வரியில் மட்டும் எல்லோருடைய விரலும் வந்து நிற்கும். அப்போது திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மேஜர் லீக் போன்ற தொழில்முறை ஆட்டங்கள் இதில் இடம்பெறவில்லை. கணக்குப் போட்டுக் காட்டும் இடங்களில் வரும் தொகைகள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர் அவை மாறும்.

அசைனர் என்பவர் யார்? அவரும் நடுவர்தானா?

எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் செல்ல வேண்டும் என்று முடிவுசெய்து, அவரை உரிய நேரத்தில் மைதானத்தில் நிற்கவைக்கும் பொறுப்பை ஏற்றவரே அசைனர். லீகோ பள்ளியோ ஆட்ட அட்டவணையைத் தரும். அவர் தம் பட்டியலில் உள்ள நடுவர்களிலிருந்து பந்தடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நிற்க ஒருவரையும், ஓடுபவர்கள் தொட வேண்டிய பேஸ்களைப் பார்த்துக்கொள்ள ஒருவரையும் தேர்ந்து அனுப்புவார். பெரும்பாலான அமெச்சூர் ஆட்டங்களுக்கு இந்த இருவர் போதும். சிறு பிள்ளைகளின் ஆட்டத்தை ஒருவரே நடத்துவதும் உண்டு.

அசைனர்களில் மிகப் பலர் நெடுங்காலம் நடுவராக இருந்தவர்கள். சிலர் இன்னும் நடுவராகவே இருக்கிறார்கள். அதனால் வரும் சங்கடம் ஒன்று உண்டு. அதற்குத் தனிக் கேள்வியே பின்னால் இருக்கிறது.

லிட்டில் லீகில் நடுவர்கள் இலவசமாகத்தானே வருகிறார்கள்? பிறகு எதற்கு அசைனர், எதற்குக் கட்டணம்?

1939-இல் தொடங்கிய லிட்டில் லீக் தன்னார்வலர்களை நம்பி வளர்ந்த சிறுவர் பேஸ்பால் அமைப்பு என்பது உண்மை. பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட் பகுதியில் நடக்கும் அதன் உலகத் தொடரில் இன்றும் நடுவர்கள் ஊதியம் பெறாமலேயே பணியாற்றுகிறார்கள். உள்ளூர்க் கிளைகளில் தலைமை நடுவர் என்ற பொறுப்பில் ஒருவர் இருப்பார். நடுவர்களைத் திரட்டுவதும் அனுப்புவதும் அவர் வேலை, அதற்கும் பொதுவாக ஊதியம் இல்லை.

ஆனால் எல்லாக் கிளைகளுக்கும் போதிய தன்னார்வலர்கள் கிடைப்பதில்லை. தன் பிள்ளை ஆடும் ஆட்டத்தில் அப்பாவே ஸ்டிரைக் என்று சொல்ல, எதிர் அணியின் பெற்றோர் முகம் சுளிக்கும் காட்சியை ஒருமுறை பார்த்த நிர்வாகக் குழு, அடுத்த ஆண்டே வெளி நடுவர்களுக்குப் பணம் ஒதுக்கத் தொடங்கிவிடும். வெளி நடுவர்கள் வந்தால் அவர்களை ஒருங்கிணைப்பவரும் வேண்டும். வெளியூர்களுக்குச் சென்று போட்டித் தொடர்களில் ஆடும் டிராவல் அணிகள், உயர்நிலைப் பள்ளிகள், கல்லூரிகள், பெரியவர்களின் வார இறுதி லீகுகள் ஆகியவற்றில் தொடக்கத்திலிருந்தே கட்டண முறைதான்.

சரி, அவருக்குப் பணம் எந்த வழியாகப் போகிறது?

நான்கு வழிகளைப் பார்த்திருக்கிறேன். முதலாவது, ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று லீக் நேரடியாகத் தரும் ஒதுக்கீட்டுக் கட்டணம். சில அசைனர்கள் ஆட்டத்தை எண்ணாமல் நடுவர்களின் தலையை எண்ணுவார்கள். இருவர் செல்லும் ஆட்டத்துக்கு இரண்டு கட்டணம் வரும். இரண்டாவது, ஆட்டங்கள் எத்தனையானாலும் பருவம் முழுவதற்கும் பேசி முடிக்கப்படும் மொத்தத் தொகை. மூன்றாவது, நடுவர்களின் பக்கத்திலிருந்து வருவது: சங்க ஆண்டுச் சந்தாவின் ஒரு பகுதியாகவோ ஒவ்வோர் ஆட்ட ஊதியத்திலும் ஒரு பிடித்தமாகவோ அது இருக்கும்.

நான்காவது வழியில்தான் பேச்சு கிளம்புகிறது. லீக் ஒரு தொகையை அசைனரிடம் மொத்தமாகக் கொடுத்துவிடும். அவர் நடுவர்களுக்குத் தருவதைத் தந்துவிட்டு மீதியைத் தம் வருமானமாக வைத்துக்கொள்வார். மீதி எவ்வளவு என்பது பல நேரங்களில் லீகுக்கும் தெரியாது, நடுவருக்கும் தெரியாது.

ஒரு பருவத்துக்கு மொத்தமாக எவ்வளவு ஆகும்? நாலு போன் பண்ணுவதற்கு இவ்வளவா?

120 ஆட்டங்கள், ஆட்டத்துக்கு இரண்டு நடுவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டத்துக்கு 5 டாலர் என்றால் அசைனருக்குப் பருவத்தில் 600 டாலர். தலைக்கு 3 டாலர் என்றால் 720. இனி நான்காவது வழியைப் பாருங்கள்: ஒவ்வொரு நடுவருக்கும் 75 டாலர் என்று லீக் கொடுக்கிறது, நடுவர் கைக்கு 65 போகிறது என்றால், 240 இடங்களுக்கு 10 டாலர் வீதம் 2,400 டாலர் அசைனரிடம் தங்குகிறது. பில்லில் ஒதுக்கீட்டுக் கட்டணம் என்ற வரியே இல்லாததால் இதுவே மலிவான ஏற்பாடு என்று எங்கள் குழுவில் ஒருவர் வாதிட்டதுண்டு.

நாலு போன்தானே என்பவர்களுக்கு: அந்த 600 டாலரை 14 வாரப் பருவத்துக்குப் பகிர்ந்தால் வாரத்துக்கு 43 டாலர்கூட வராது. ஒரே லீகை மட்டும் பார்க்கும் அசைனருக்கு இது கைச்செலவுக்கான காசு. பத்துப் பதினைந்து லீகுகளையும் பள்ளிகளையும் சேர்த்துப் பார்ப்பவருக்கே இது பிழைப்பாகிறது.

எல்லாவற்றையும் மென்பொருளே செய்துவிடுகிறதே, மனிதருக்கு எதற்குப் பணம்?

ஆர்பிட்டர்ஸ்போர்ட்ஸ், அசைனர் என்ற பெயரிலேயே உள்ள இணையச் சேவை போன்றவை வந்த பிறகு வேலை எளிதாகியிருப்பது உண்மைதான். நடுவர் தாம் வர இயலாத நாட்களை முன்கூட்டியே அடைத்துவைப்பார். அசைனர் ஆட்டத்தை ஒதுக்குவார். நடுவர் ஏற்கவோ மறுக்கவோ செய்வார். பருவத் தொடக்கத்தில் முதல் அட்டவணையை நிரப்பும் வரையில் மென்பொருளைப் புகழலாம்.

அசைனரின் ஊதியம் எதற்கு என்பது ஏப்ரல் மழை நாளில்தான் தெரியும். மதியம் இரண்டரை மணி. நான்கு மணி ஆட்டத்துக்கான மைதானத்தில் நீர் தேங்கிவிட்டது. செயற்கைப் புல் மைதானம் ஒன்று ஊரின் மறுகோடியில் ஏழு மணிக்குக் கிடைக்கிறது. பிளேட் நடுவருக்கு ஏழு மணிக்கு மகளின் பள்ளி நிகழ்ச்சி. பேஸ் நடுவர் தச்சு வேலையில் இருப்பதால் போனை எடுக்கவில்லை. வேறோர் ஆட்டத்திலிருந்து ஒருவரை எடுத்தால் அங்கே ஒற்றை நடுவர்தான் மிஞ்சுவார். அந்த நேரத்தில், யார் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கத் தகுந்தவர், எந்தப் பயிற்சியாளரோடு யாருக்குப் போன வாரம் தகராறு நடந்தது, யார் முகம் கோணாமல் ஒப்புக்கொள்வார் என்பதெல்லாம் திரையில் தெரியாது. அடுத்த நாற்பது நிமிடங்களில் அவர் செய்யும் வேலைக்குத்தான் அந்த 5 டாலர்.

ஒன்றை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்: மென்பொருளுக்கான சந்தாவை யார் செலுத்துவது? அசைனர் தம் கட்டணத்துக்குள் அடக்கிக்கொள்வதும் உண்டு, லீகின் தலையில் தனியாக வைப்பதும் உண்டு.

மழையால் நின்றுபோன ஆட்டத்துக்கும் அவருக்குப் பணம் தர வேண்டுமா?

நடுவரின் ஊதியத்தைப் பொறுத்தவரை வழக்கம் ஓரளவு தெளிவானது. போதிய முன்னறிவிப்போடு ரத்தானால் ஒன்றும் இல்லை; மைதானத்துக்கு வந்துசேர்ந்த பிறகு ரத்தானால் பயணப்படி அல்லது பாதி ஊதியம்; குறிப்பிட்ட இன்னிங்ஸைத் தாண்டிவிட்டால் முழு ஊதியம். அசைனரின் கட்டணத்துக்கு இப்படிப் பொது வழக்கம் கிடையாது. மறுநாளுக்கு மாற்றப்பட்ட ஆட்டத்தை ஒரே ஆட்டமாகக் கருதி ஒருமுறை மட்டும் வாங்குபவர்களும் உண்டு. ஒவ்வொரு முறை ஒதுக்கும்போதும் வாங்குபவர்களும் உண்டு.

முன் சொன்ன கணக்கில் 15 ஆட்டங்கள் மழையில் நின்று மறுபடி ஒதுக்கப்பட்டால் வித்தியாசம் 75 டாலர். மனத்தாங்கலுக்கு அது போதும். என் கருத்தைக் கேட்டால், மறு ஒதுக்கீட்டுக்குப் பணம் கேட்பது நியாயமே, ஏனெனில் முதல் ஒதுக்கீட்டைவிட அதில்தான் உழைப்பு அதிகம். ஆனால் பருவம் தொடங்கும் முன்பே அதை எழுத்தில் தந்திருக்க வேண்டும்.

இரண்டு நடுவர்களுக்குப் பணம் கட்டினோம், ஒருவர்தான் வந்தார். மீதிப் பணம் யாருக்கு?

தனியாக ஆட்டத்தை நடத்தும் நடுவருக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் தருவது பல இடங்களில் உள்ள வழக்கம். நடுவருக்கு 65 டாலர் என்றால் அவருக்கு 97 டாலர் 50 சென்ட் போகும். எஞ்சிய 32 டாலர் 50 சென்ட் லீகுக்குத் திரும்ப வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் அசைனர், வராத தலைக்கும் கட்டணம் போட்டிருக்கிறாரா என்று பில்லைப் பார்ப்பது பொருளாளரின் கடமை. நான் பார்த்தவரை இது பெரும்பாலும் கவனக்குறைவு. சுட்டிக்காட்டினால் உடனே திருத்திவிடுவார்கள்.

டிராவல் போட்டித் தொடர்களில் நடுவருக்கு ஹோம் பிளேட்டிலேயே ரொக்கம் தருகிறார்களே, அங்கே அசைனருக்கு யார் தருவார்கள்?

முதல் பந்து வீசப்படுவதற்கு முன் இரண்டு அணிகளின் மேலாளர்களும் ஆளுக்குப் பாதியாக நடுவரிடம் ரொக்கம் நீட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அங்கே அசைனரின் பங்கு பொதுவாக அணிகள் செலுத்தும் நுழைவுக் கட்டணத்துக்குள் ஒளிந்திருக்கும். தொடரை நடத்துபவர் அவருக்குத் தனியே தருவார். சில இடங்களில் நாள் முடிந்ததும் நடுவரே வாங்கிய ரொக்கத்திலிருந்து ஆட்டத்துக்கு இவ்வளவு என்று எண்ணி அசைனரிடம் கொடுப்பார். இதில் ரசீது இருக்காது, கணக்கும் இருக்காது. வரிக் காலத்தில் இருவருக்கும் தலைவலி.

நடுவரே தம் ஊதியத்திலிருந்து அசைனருக்குப் பங்கு தருவது சரியா? இது தரகு போல இல்லையா?

தரகு போலத்தான் இருக்கிறது, அதில் தவறென்று சொல்ல முடியாது. நடுவருக்கு ஆட்டம் தேடித் தருகிறார், அதற்குக் கூலி வாங்குகிறார். ஆனால் பணம் வரும் திசையைப் பொறுத்து அசைனர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பது மாறிவிடுகிறது. லீக் பணம் தந்தால், மோசமான நடுவரை அனுப்பினால் லீக் அவரைக் கேள்வி கேட்கும். நடுவர்கள் பணம் தந்தால், அதிக ஆட்டங்களை ஏற்று அதிகப் பிடித்தம் கட்டும் நடுவர் அவருக்கு வேண்டியவராகிவிடும் ஆபத்து இருக்கிறது; ஒரே நாளில் நான்கு ஆட்டங்களில் நடுவராக நின்ற களைப்பில் ஐந்தாவது ஆட்டத்துக்கு வருபவரை நீங்கள் பார்த்திருக்கலாம்.

சங்கச் சந்தா வழியாகத் தருவதில் இந்த ஆபத்து குறைவு. சந்தா எல்லாருக்கும் ஒன்றே. அசைனருக்குச் சங்கம் நிலையான தொகை தரும். பிடிக்கவில்லையென்றால் உறுப்பினர்கள் அடுத்த ஆண்டு வேறொருவரை அமர்த்துவார்கள்.

உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் யார் அமர்த்துகிறார்கள்?

ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள உயர்நிலைப் பள்ளி விளையாட்டு அமைப்பு நடுவர்களைப் பதிவுசெய்யும். பல மாநிலங்களில் ஊதிய அளவையும் அதுவே நிர்ணயிக்கும். வழக்கமான பருவத்தில் பணம் பள்ளியிடமிருந்து வருகிறது. அசைனரைப் பள்ளிகளின் கூட்டமைப்போ உள்ளூர் நடுவர் சங்கமோ அமர்த்தும். நியூயார்க் மாநிலத்தின் பல பகுதிகளில் போசீஸ் எனப்படும் வட்டாரப் பொதுக் கல்விச் சேவை அமைப்பு இந்த வேலையைப் பள்ளிகளுக்காகச் செய்து, செலவைப் பள்ளி மாவட்டங்களிடம் பகிர்ந்து வசூலிக்கிறது. பொதுப் பணம் என்பதால் எதற்கு எவ்வளவு என்பது ஏட்டில் இருக்கும். ஹோம் பிளேட்டில் உறை நீட்டுவதெல்லாம் இங்கே கிடையாது.

கல்லூரியில் அவரை ஒருங்கிணைப்பாளர் என்கிறார்களே, அதுவும் இதேதானா?

வேலை இதேதான், அதிகாரம் அதிகம். கல்லூரிக் கூட்டமைப்புகள் நடுவர் ஒருங்கிணைப்பாளரை ஆண்டு ஊதியத்துக்கோ ஒப்பந்தத் தொகைக்கோ அமர்த்துகின்றன. ஒருவரே பல கூட்டமைப்புகளைப் பார்ப்பதும் உண்டு. ஆட்டங்களை ஒதுக்குவதோடு நடுவர்களை மதிப்பிடுவது, பயிற்சியாளர்களின் புகார்களைக் கேட்பது எல்லாம் அவர் பொறுப்பு. கூட்டமைப்புப் பருவத்தைத் தாண்டிய தேசியத் தொடருக்கு நடுவர்களைக் கல்லூரி விளையாட்டுகளின் தேசிய அமைப்பான என்சிஏஏ தானே தேர்ந்தெடுக்கிறது.

இங்கே நடுவர்கள் முணுமுணுப்பது பயிற்சி முகாம்களைப் பற்றி. ஆட்டங்களை ஒதுக்குபவரே கட்டணம் வாங்கிக்கொண்டு முகாமும் நடத்தினால், முகாமுக்கு வராத நடுவருக்கு ஆட்டம் கிடைக்குமா என்ற ஐயம் தானாக எழும். முகாமில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்பதையும் மறுக்க முடியாது. முகாம் நடத்துவதையும் ஆட்டம் ஒதுக்குவதையும் வெவ்வேறு கைகளில் வைப்பதே ஐயத்தைத் தீர்க்கும் வழி என்று நினைக்கிறேன்.

அசைனர் தமக்குத் தாமே நல்ல ஆட்டங்களை ஒதுக்கிக்கொண்டால்?

முதல் பதிலில் சொன்ன சங்கடம் இதுதான். நடுவர் ஊதியமும் ஒதுக்கீட்டுக் கட்டணமும் ஒரே ஆளுக்கு, அதுவும் இறுதிப் போட்டியில் என்றால் மற்ற நடுவர்கள் பேசத்தான் செய்வார்கள். ஆள் கிடைக்காத நாளில் அவரே சீருடை மாட்டி வந்து நிற்பது வேறு; அதற்கு நன்றிதான் சொல்ல வேண்டும். சில லீகுகள் அவசரத்துக்கு மட்டும் அனுமதித்து, இறுதிச் சுற்று ஆட்டங்களுக்கு நடுவரைத் தேர்வுசெய்யும் பொறுப்பை வேறொருவரிடம் தருகின்றன. எங்கள் லீகிலும் அப்படித்தான் செய்தோம்.

வரிப் படிவம் யார் யாருக்குத் தர வேண்டும்?

அசைனரும் நடுவரும் பெரும்பாலும் தனி ஒப்பந்ததாரர்கள். 2025-ஆம் ஆண்டு வரையிலான கொடுப்பனவுகளில், ஒருவருக்கு ஓராண்டில் 600 டாலர் அல்லது அதற்கு மேல் தந்த லீக் அவருக்கு, தந்த தொகையைக் காட்டும் 1099-என்இசி என்ற வரிப் படிவம் தர வேண்டியிருந்தது. 2026 முதல் தரப்படும் பணத்துக்கு அந்த வரம்பு 2,000 டாலராக உயர்ந்திருக்கிறது. இலாப நோக்கற்ற லீகுக்கும் இந்தக் கடமை உண்டு. படிவம் வரவில்லை என்பதால் வரி இல்லை என்று பொருளல்ல. செலவு போக நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டுவிட்டால் சுயதொழில் வரி வந்துவிடும்.

தடுமாற வைப்பது நான்காவது வழி. லீக் 18,000 டாலரை அசைனரிடம் கொடுத்து, அவர் 15,600 டாலரை நடுவர்களுக்குப் பிரித்துத் தந்தால், லீக் தரும் படிவத்தில் முழு 18,000 டாலரும் அவர் பெயரில் ஏறிவிடும். நடுவர்களுக்குத் தந்ததை அவர் தம் கணக்கில் செலவாகக் காட்ட வேண்டும், வரம்பைத் தாண்டிய நடுவர்களுக்கு அவரே படிவமும் தர வேண்டும். இதை அறியாமல் இந்த ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டு பிப்ரவரியில் திகைத்து நிற்கும் அசைனர்கள் இருக்கிறார்கள்.

நடுவர்களைக் கட்டுப்படுத்துகிறார் என்றால், அவர்களுக்கு அசைனர் முதலாளி ஆகிவிட மாட்டாரா?

இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது, பேஸ்பாலில் அல்ல, லக்ராஸ் ஆட்டத்தில். பென்சில்வேனியாவின் பள்ளி விளையாட்டு அமைப்புக்காகப் பணியாற்றிய லக்ராஸ் நடுவர்களை ஊழியர்கள் என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 2017-இல் முடிவுசெய்தது. வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-இல் அதை மாற்றி, அவர்கள் தனி ஒப்பந்ததாரர்களே என்றது. கலிபோர்னியாவில் ஒப்பந்ததாரர் விதிகள் இறுகிய பிறகு, 2020-இல் வந்த திருத்தச் சட்டம் அமெச்சூர் நடுவர்களைப் பெயர் சுட்டியே விலக்குப் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. பெரிய அளவில் நடுவர் சேவை நடத்தும் அசைனர் தம் மாநில வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வதே நல்லது.

நடுவர் பற்றாக்குறை என்று சொல்லி அசைனர் தம் கட்டணத்தையும் கூட்டலாமா?

பற்றாக்குறை கட்டுக்கதையல்ல. 2018-19 கல்வியாண்டுக்குப் பின் எல்லா விளையாட்டுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 50,000 நடுவர்கள் உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களை விட்டு விலகியதாக மாநில அமைப்புகளின் தேசியக் கூட்டமைப்பு தெரிவித்தது. ஆள் குறைந்தால் அசைனரின் வேலை கூடும் என்பதும் உண்மை. அவர் கூடுதலாகக் கேட்கலாம். ஆனால் நடுவருக்கு என்று சொல்லிக் கூட்டப்படும் 10 டாலரில் நடுவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நடுவரை நேரில் கேட்டால் தயங்காமல் சொல்வார்.

பணத்தை வாங்கிக்கொண்டு அசைனர் நடுவர்களுக்குத் தராவிட்டால் எங்கள் பொறுப்பு என்ன?

ஒப்பந்தத்தில் இல்லாத சிக்கல் மைதானத்தில் வந்து நிற்கும். எங்களுக்கு ஒருமுறை அப்படி நேர்ந்தது. மே மாதத்திலேயே முழுத் தொகையையும் கொடுத்துவிட்டோம். ஆகஸ்டில் ஒரு நடுவர் என்னைத் தேடி வந்து, தமக்கும் தம் நண்பர்களுக்கும் 11 ஆட்டங்களுக்கு ஊதியம் வரவில்லை என்றார். கையில் சின்னக் குறிப்பேடு. தேதி, மைதானம், பிளேட்டா பேஸா என்று ஒவ்வொன்றாக எழுதிவைத்திருந்தார். அசைனர் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தார். சட்டப்படி நாங்கள் தர வேண்டியதில்லை என்று குழுவில் சிலர் சொன்னார்கள். அடுத்த ஏப்ரலில் எங்கள் ஆட்டத்துக்கு யார் வருவார் என்று கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது. இரண்டாம் முறையாக நாங்களே கொடுத்தோம்.

அதன் பிறகு ஏற்பாட்டை மாற்றினோம். நடுவர்களின் ஊதியம் ஆட்டம் முடிந்த வாரமே லீகின் கணக்கிலிருந்து நேரே அவர்களுக்குப் போகிறது. இதற்கென்றே மென்பொருள்களில் தனி வசதி இருக்கிறது. அசைனருக்கு ஒதுக்கீட்டுக் கட்டணத்தை மட்டும் தனிக் காசோலையாக மாதக் கடைசியில், நடந்த ஆட்டங்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தருகிறோம்.